அம்மா ஏறிய பின்கதவு

1

"ஓட்டப்போறது யாரு மேடம்? அவர கூட்டிட்டு வாங்க. அவர்கிட்ட எல்லாம் டீடெய்லா சொல்றேன்."

மல்லேஸ்வரத்தில் ஒரு வண்டி ஷோரூமில், பிரசாத் என்ற விற்பனையாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. சனிக்கிழமை அரைநாள் வேலையை முடித்துவிட்டு, பீன்யாவிலிருந்து இரண்டு பஸ் மாறி, தனியாகத்தான் போயிருந்தேன்.

"நான்தான் ஓட்டப்போறேன்" என்றேன்.

அவர் என் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். கூட வந்தவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருப்பார் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. யாரும் வரவில்லை என்று தெரிந்ததும், "பர்வாகில்ல, சும்னே பாருங்க" என்றார். பரவாயில்லை, சும்மா பாருங்கள் என்று அர்த்தம். பிரசாத்தின் தாத்தா காலத்திலேயே ஆம்பூர் பக்கத்திலிருந்து இங்கே வந்துவிட்டார்கள். அவருடைய தமிழில் மூன்றில் ஒரு சொல் கன்னடமாக இருக்கும், இன்னொன்று ஆங்கிலமாக இருக்கும்.

எனக்குப் பிறகு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவனுக்கு நாற்காலி, காபி, வண்டிகளின் விவரம் அச்சிட்ட வழவழப்பான புத்தகம் எல்லாம் கிடைத்தன. எனக்கு ஒரு காலண்டர் கிடைத்தது. கடைக்குக் கூட வந்த குழந்தை அழாமலிருக்க மிட்டாய் கொடுப்பார்களே, அந்த மாதிரி.

அந்தக் காலண்டரை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. வாங்கிவந்து, ஸ்ரீராம்புரத்தில் நான் குடியிருக்கும் அறையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினேன். தினமும் தலைவாரும்போது கோபம் குறையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.

2

பெங்களூரை வெளிநாடு என்று எழுதினால் ஊரில் சிரிப்பார்கள். ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடுகிற இடம். ஆனால் இங்கே ரேஷன் அட்டை கிடைக்காது, பஸ் பலகையைப் படிக்க வராது, தண்ணீர்ப் பிரச்சினை கிளம்பினால் தெருவில் தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் இருந்தால் அது வெளிநாடுதான்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலை அடிவாரத்தில், திருப்பத்தூரிலிருந்து உள்ளே போக வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணன் முருகேசன் ஐந்தோடு நின்றுவிட்டான். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தேன். வகுப்பில் பெண்கள் இரண்டு பேர். இப்போது பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். லேத்தும் மில்லிங்கும் ஓடுகிற கூடத்துக்கு மேலே கண்ணாடி அறை. எங்கள் வரைபடம் இல்லாமல் கீழே ஒரு போல்ட் கூட உருவாகாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஏன் ஜீப் மாதிரி வண்டி, சின்ன கார் போதாதா என்று ஆபீசில் எல்லோரும் கேட்டார்கள். எங்கள் ஊருக்கு வந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும். தார் ரோடு முடிந்த பிறகு கானாற்றில் இறங்கி ஏற வேண்டும். வருடத்தில் பாதி நாள் மணல், மீதி நாள் சேறு. சின்ன காரின் வயிறு கல்லில் உரசி நின்றுவிடும். வங்கியில் எனக்குக் கடன் தரச் சம்மதித்த அன்றே எந்த மாதிரி வண்டி என்பதை முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்யாமல் இருந்தது ஒன்றுதான். அந்த வண்டியைச் செய்கிற கம்பெனி அந்த மாதிரியில் இரண்டு வண்டி செய்தது. இரண்டுக்கும் ஒரே என்ஜின், ஒரே கியர்பெட்டி, ஒரே முகம். பேப்பரை வைத்துப் பின்பாதியை மறைத்தால் எது எதுவென்று சொல்ல முடியாது. பெயரை எழுதி விளம்பரம் செய்ய எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. குட்டை, நெட்டை என்றே எழுதுகிறேன்.

குட்டையில் முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் ரோட்டைப் பார்த்து மூன்று பேர் உட்காருகிற ஒரே நீள இருக்கை, அதற்கும் பின்னால் சாமான் வைக்க ஒரு குழி. நெட்டையில் முன்னால் அதே இரண்டு இருக்கை. பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. முழங்காலோடு முழங்கால் இடிக்க எட்டுப் பேர் உட்காரலாம். ஏறுவதும் இறங்குவதும் பின்கதவு வழியாக.

அந்தப் பெஞ்சை எனக்கு நன்றாகத் தெரியும்.

3

எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எதற்கும் வாடகைக்கு வருவது நெட்டை வண்டிதான். ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. யாரும் சொல்லித்தர மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். டிரைவருக்குப் பக்கத்தில் ஆம்பிளைகள். கியர் கம்பியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டாவது இரண்டு பேர் முன்னால்தான் உட்காருவார்கள். பின்னால் பெண்கள், பிள்ளைகள், சீர்வரிசைத் தட்டு, குத்துவிளக்கு, சாம்பார் வாளி.

அம்மாவுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஒத்துக்கொள்ளாது. வண்டி கானாற்றைத் தாண்டும்போதே வியர்க்க ஆரம்பிக்கும். மஞ்சள் பையில் ஒரு எலுமிச்சம்பழமும், மடித்த பிளாஸ்டிக் கவரும் எப்போதும் இருக்கும். பழத்தை முகர்ந்துகொண்டே வருவார். பிறகு கவர். கவரை முடிந்து, வெளியே எறியக் கூச்சப்பட்டு, போய்ச் சேருகிற வரைக்கும் கையில் பிடித்திருப்பார். அண்ணனின் கல்யாணத்துக்குப் போன அன்றும் அப்படித்தான். போட்டோவில் எல்லோரும் பவுடர் பூசி நிற்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கண் செருகி, யாரோ தாங்கிப் பிடித்து நிற்பது போல நிற்கிறார். ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "பையன் கல்யாணத்துல அழுதுட்டியா அத்தே" என்று கேட்பார்கள். அம்மா ஆமாம் என்று சொல்லிவிடுவார்.

வண்டி வாங்கப்போகிறேன் என்று எஸ்டிடி பூத்திலிருந்து ஊருக்குப் பேசினேன். எதிர்வீட்டுப் போனில் அண்ணன் வந்தான்.

"நெட்டைய எடு பாப்பா. வேற யோசனையே வாணாம்."

"ஏன்?"

"இன்னா ஏன்? எல்லாரும் உக்காரலாம். நீ பெங்களூர்ல பஸ்ல போயிக்கினு இருக்க. வண்டி இங்க நிக்கட்டும். முகூர்த்தத்துக்கு, கோயிலுக்கு, நான் டிரிப் அடிச்சிக்கிறன். வட்டியும் அதுலயே போயிடும்."

"வண்டி எனக்கு வாங்கறண்ணா."

"உனக்குத்தான். யாரு இல்லன்னா? நாளைக்குக் கல்யாணம் ஆனா எவனோ ஒருத்தன் ஓட்டப்போறான். அதுவரைக்கும் கூடப்பொறந்தவன் ஓட்டக்கூடாதா?"

போனை வைத்துவிட்டேன். பூத்துக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதிச் சில்லறையை மெதுவாக மேசையில் வைத்தார்.

கோபம் வந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது வீட்டில் ஒரு ஆள் சம்பாதித்தால் போதாது என்றாகிவிட்டது. அண்ணன் லாரியில் கிளீனராக ஏறினான். வட இந்தியா வரைக்கும் போய், தார்ப்பாயில் தூங்கி, அங்கிருந்து மணியார்டர் அனுப்பினான். இன்றைக்கும் அடுத்தவன் வண்டியைத்தான் ஓட்டுகிறான். சொந்தமாக ஒரு ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு என்னைவிட முன்னாலேயே வந்தது. அவன் கேட்டதில் நியாயமே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். நியாயம் இருந்ததால்தான் எனக்கு அத்தனை கோபம் வந்தது.

4

ஓட்டக் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீராம்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல். ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு. ஆசிரியரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். சில வாரம் நான் அழகாக ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் காலைத் தூக்கி டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். வண்டி உடனே நின்றுவிட்டது. அதுவரை ஓட்டியது அவர். "லேடீஸுக்கு இவ்வளவு போதும் மேடம், லைசென்ஸ் வாங்கிக் குடுத்துடறேன்" என்றார். எனக்கு லைசென்ஸ் மட்டும் போதாது, உங்கள் காலை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது முகவரி. வண்டியை இங்கே பதிவு செய்ய, இங்கே குடியிருக்கிறேன் என்பதற்குச் சான்று வேண்டும். வீட்டுக்கார அம்மா வாடகையை மாதம் தவறாமல் வாங்குவார், வாடகைக்கு இருக்கிறேன் என்று எழுதித் தர மாட்டார். எழுதிக் கொடுத்தால் வீடே என்னுடையதாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆபீஸிலிருந்து கடிதம் கொண்டுபோனேன். ஆர்டிஓ அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் தெரிந்த கன்னடத்தில் விளக்கினேன். என் கன்னடத்தில் வினைச்சொல் தமிழில் முடியும். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, என்னை இன்னொரு முறை சொல்லச் சொல்லி, இரண்டு பேரும் சிரித்தார்கள். கடிதத்தில் முத்திரை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுவாரம் அதே முத்திரையோடு போனேன். அன்றைக்கு அது சரியாக இருந்தது.

தமிழ்நாட்டு எண்ணில் பதிவு செய்துவிடு, சுலபம் என்றான் அண்ணன். அந்த எண்ணோடு இங்கே ஓட்டுகிறவர்கள், ஆற்றுத் தண்ணீர் பற்றிச் செய்தி வந்தாலே வண்டியைச் சாக்குப் போட்டு மூடிவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். நான் ஓட்டுவதற்காக வாங்குகிறேன், மூடிவைப்பதற்கு இல்லை.

வீட்டுக்கார அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பேத்திகள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஒரு எழுத்து படிக்க வராது. எனக்குத் தபாலில் வரும் பத்திரிகையைப் படம் பார்த்துவிட்டுத் தருவார்கள். அந்தப் பிள்ளைகள் கைவிட்டுப் போய்விட்டார்கள் என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகு தோன்றியது, ஊரிலிருந்து பார்த்தால் கைவிட்டுப் போன பிள்ளை நான்தான். போனில் பேசும்போது, ஆச்சு என்பதற்குப் பதிலாக வாய் தவறிக் கன்னடத்தில் "ஆய்த்து" என்று சொல்லிவிடுகிறேன். "அது இன்னாடி ஆய்த்து கீய்த்து" என்று அம்மா சிரிப்பார். அண்ணன் சிரிப்பதில்லை. "பெங்களூர் போயி மாறிட்ட" என்பான். மாறாமல் இருக்க எதற்கு இத்தனை தூரம் வர வேண்டும்?

5

வண்டியைப் பார்த்து முடிவு செய்ய அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. அண்ணன் கூட்டிவந்தான்.

ஷோரூமில் எங்களுக்கு நான்கு நாற்காலி, நான்கு காபி வந்தன. பிரசாத் அண்ணனின் கையைக் குலுக்கி, "வாங்க சார், மேடம் ஆவாகிலிருந்து வந்து பாத்துட்டே இருக்காங்க. நீங்க வந்தது நல்லதாச்சு" என்றார். ஆவாகிலிருந்து என்றால் அப்போதிலிருந்து. விவரப் புத்தகம் அண்ணன் கைக்குப் போனது. அவன் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தான் என்று நான் எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் சரியாகத்தான் பிடித்திருந்தான். லாரியில் போய் ஆங்கிலத்தையும் அவனே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவன்.

முதலில் குட்டை. சிவப்பு நிறத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றது. அப்பா முன்கதவைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தான். இரண்டு பேரும் யோசிக்கவில்லை. ஹாரனை அடித்துப் பார்த்தார்கள். நான் பேனட்டைத் திறக்கச் சொல்லி பிரசாத்திடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா எங்கே என்று தேடினேன்.

அவர் வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போயிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அங்கே துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் பின்கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணும் திறந்துவிட்டிருக்கிறாள். சாமான் வைக்கிற குழிக்குள் ஏறி, ஸ்டெப்னி டயர் மேலே புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை கூரையில் இடித்ததால் கழுத்தைச் சாய்த்திருந்தார். மடியில் மஞ்சள் பை. கையில் எலுமிச்சம்பழம். வண்டி புறப்படக் காத்திருந்தார்.

பிரசாத்தான் முதலில் சிரித்தார். "ஆன்ட்டி, அது லக்கேஜ் எடம். ஆள் உக்காரக் கூடாது."

அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தான். "எம்மா, நீ இன்னா மூட்டையா?"

அப்பாவும் திரும்பிப் பார்த்து, "இவளோட ஒரே ரோதனை" என்றார். அவரும் சிரித்தார்.

அம்மாவும் சிரித்தார். "எனக்கு இன்னா தெரியும், எப்பவும் போல பின்னாடி வந்தன். சவுரியமாத்தான் கீது."

நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த ஷோரூமின் கண்ணாடி அத்தனையையும் உடைக்க வேண்டும் போல இருந்தது. யார் மேல் கோபம் என்று அந்த நிமிடத்தில் எனக்கே தெரியவில்லை. சிரித்த பிரசாத் மேலா, மூட்டையா என்று கேட்ட அண்ணன் மேலா, தானும் சேர்ந்து சிரித்த அம்மா மேலா? கையைக் கொடுத்து அவரை இறக்கினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா சார்" என்று பிரசாத் அண்ணனிடம் சொன்னார். "உங்க ஃபேமிலிக்கு அதுதான் கரெக்ட். நெட்டை எடுத்தா ஆன்ட்டிக்கு பின்னாடி நல்ல பெஞ்சே இருக்கு."

6

நெட்டையை ஓட்டிப் பார்க்க வெளியே நிறுத்தியிருந்தார்கள். பிரசாத் சாவியை அண்ணனிடம் நீட்டினார். நான் நடுவில் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"லைசென்ஸ் இதியா மேடம்?"

இருக்கிறது என்று காட்டினேன். என் போட்டோவையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அம்மாவை முன்னிருக்கையில், எனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவர் விளிம்பில் உட்கார்ந்தார், இப்போது எழுந்துவிடுகிறேன் என்பது மாதிரி. பிரசாத்தும் அண்ணனும் பின்பக்கம் போய்ப் பெஞ்சில் ஏறினார்கள். அப்பா மட்டும் கீழேயே நின்றார்.

"ஏறுங்கப்பா."

"நான் பின்னாடி உக்கார மாட்டன்."

"ஏன்?"

"பக்கவாட்டுல உக்காந்தா எனக்கு வயித்தப் பெரட்டும்."

சாதாரணமாகச் சொன்னார். காபியில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்வதைப் போல.

"அப்பாவுக்கு ஒத்துக்காது பாப்பா" என்று அண்ணன் உள்ளேயிருந்து சொன்னான். "அம்மாவ பின்னாடி மாத்திரு."

அம்மா அதற்குள் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக அப்பாவிடம் கேட்டேன். "இது எப்பலேந்து தெரியும்பா உங்களுக்கு?"

"இன்னா எப்பலேந்து? உன் பெரியத்த கல்யாணத்துக்கு வண்டில பின்னாடி உக்காந்துக்கினு போனன். உயிரே போயிட்டு வந்துச்சி. அன்னையிலேந்து முன்னாடிதான்."

"அம்மாவுக்கும் அப்படித்தான ஆவுது?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். யோசிக்கத்தான் செய்தார், அதையும் நான் சொல்ல வேண்டும். "அவளுக்குப் பழகிப்போச்சி" என்றார்.

எனக்கு இத்தனை வருடமும் ஒரு சமாதானம் இருந்தது. ஆம்பிளைகளுக்குத் தெரியாது, முன்னால் உட்கார்ந்தவனுக்குப் பின்னால் நடப்பது எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். அந்தச் சமாதானம் ஷோரூம் வாசலில் போயிற்று. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் வயிற்றால் தெரிந்திருக்கிறது. தெரிந்த அன்றே முன்னால் வந்துவிட்டார். அம்மாவைப் பின்னால் ஏற்றிக் கதவைச் சாத்தியதும் அவர்தான்.

"அப்ப நீங்க இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அம்மா பதறிப்போனார். "அப்பாவ வுட்டுட்டுப் போறியே, அவரு இன்னா நெனப்பாரு?" என்று திருப்பத்திலேயே இறங்கப் பார்த்தார். நான் நிறுத்தாமல் ஓட்டினேன். மார்க்கெட் தாண்டி, மரங்கள் இருக்கிற அகலமான தெருவுக்கு வந்ததும் அவர் முதுகு மெதுவாக இருக்கையில் சாய்ந்தது. கொஞ்ச நேரம் முன்னால் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "மெதுவா போ, அதோ சைக்கிள்காரன் வரான்" என்றார். பிறகு, "பள்ளம் வருது" என்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "இங்க உக்காந்தா எல்லாம் முன்னாடியே தெரியுதுடி" என்றார்.

மஞ்சள் பையிலிருந்த கவர் மடித்தபடியே இருந்தது. எலுமிச்சம்பழத்தை எப்போது உள்ளே வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

திரும்பி வந்து நிறுத்தியதும் அண்ணன் இறங்கி, நேராக எதிரிலிருந்த பெட்டிக்கடைக்குப் போய் சோடா வாங்கிக் குடித்தான். பாதியைக் குடித்துவிட்டு மீதியை முகத்தில் தெளித்துக்கொண்டான்.

7

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் வண்டி ஏறுகிற வரைக்கும் அப்பா என்னோடு பேசவில்லை. அண்ணன்தான் தனியாகக் கூப்பிட்டான்.

"நான் லாரில ஏறுனது யாருக்காவ?"

"எனக்காக."

"அப்ப?"

"அது நான் உனக்குப் பட்டிருக்கற கடன். அம்மா பட்டிருக்கல. உனக்கு எதுவாருந்தாலும் செய்யறன். நீ தனியா வண்டி எடு, கூட வந்து நிக்கறன், கையெழுத்துப் போடறன். ஆனா அம்மாவ பின்னாடி ஏத்தித்தான் செய்யணும்னா முடியாது."

"வண்டின்னா நாலு பேரு பின்னாடி உக்காரத்தான் செய்வாங்க. நீ ரொம்பப் பேசற."

"சோடா நல்லா இருந்துச்சாண்ணா?"

என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு பஸ்ஸில் ஏறிக்கொண்டான். அம்மாவுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தானா என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி அழுக்காக இருந்தது.

திங்கட்கிழமை மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு போய்க் குட்டைக்கு முன்பணம் கட்டினேன். பிரசாத், "சார் ஒப்புக்கொண்டாரா மேடம்?" என்று கேட்டார். எந்த சார் என்று கேட்டேன். அவர் ரசீதை எழுதினார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். புதன்கிழமை எஸ்டிடி பூத்திலிருந்து ஊருக்குப் பேசியபோது அம்மாவே வந்தார். குட்டையைத்தான் எடுத்திருக்கிறேன் என்றேன். அவருக்குச் சந்தோஷம்தான், குரலில் தெரிந்தது. ஆனால் அவர் அதற்குள் எல்லோரையும் உட்காரவைத்துக் கணக்குப் போட்டுவிட்டார்.

"நீ ஓட்டு. அப்பா முன்னாடி உக்காரட்டும், அவருக்குத்தான் ஒத்துக்காதே. நடுவுல முருகேசனும் அவன் பொண்டாட்டியும் ரெண்டு புள்ளைங்களும். அந்தப் பின்னாடி எடம் சும்மாதான கெடக்கும்? ஒரு பாயப் போட்டு நான் உக்காந்துக்கறன். அன்னைக்கு உக்காந்து பாத்தன் இல்ல, சவுரியமாத்தான் இருந்துச்சி."

அவரிடம் எத்தனை நேரம் பேசினாலும், எங்காவது ஒரு மூலையில் தனக்கு ஒரு பாய் போட்டுக்கொள்வார். பேசி ஆகப்போவதில்லை என்று புரிந்தது.

அடுத்த நாள் அளவு நாடாவும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். அந்தச் சிவப்பு வண்டியின் பின்கதவைத் திறந்து, குழியின் நீளம், அகலம், கூரை வரைக்கும் உயரம், சக்கர மேட்டின் வளைவு, தரையில் போல்ட் போட எங்கெங்கே இடம் இருக்கிறது என்று எல்லாம் அளந்தேன். பிரசாத் பக்கத்தில் வந்து நின்றார்.

"எதுக்கு மேடம் அளவு? மேட் போடணுமா? நாங்களே ஃப்ரீயா போட்டுத் தரோம்."

"பெட்டி."

"என்ன பெட்டி?"

"இரும்புப் பெட்டி."

அவர் பெரிய மேசையிலிருந்து அந்த வழவழப்பான விவரப் புத்தகத்தை எடுத்துவந்து, நான் கேட்காமலேயே, என் கையில் கொடுத்தார். காலண்டர் கொடுத்த அதே கை. வாங்கிக்கொண்டேன். அதில் போட்டிருந்த அளவும் நான் எடுத்த அளவும் ஒத்துப்போயின.

பெட்டியின் வரைபடத்தை மதிய இடைவேளைகளில் நானே போட்டேன். குழியை முழுசாக அடைக்கிற பெட்டி. பக்கத்துக்கு ஒன்றாக மூடி, ஸ்டெப்னி டயருக்கு அடியில் இடம். ஜாக்கி, ஸ்பேனர், தண்ணீர்க் கேன், அம்மாவின் மஞ்சள் பை வைக்க ஒரு தட்டு. மேல்பலகைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண்கூட விடவில்லை. பூனை உட்காரலாம். கீழே வெல்டிங் பிரிவில் இருக்கிற நண்பர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "சாமான் வெக்க மேல கொஞ்சம் எடம் விடலாமே, எதுக்கு இப்படி அடைக்கறீங்க" என்றார். வரைபடத்தில் உள்ளபடி செய்யுங்கள் என்றேன்.

வண்டி டெலிவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பெட்டி தயாராகிவிட்டது. சாம்பல் வண்ணம் அடித்து, கீழ்ச்சட்டத்தில் துளை போட்டு, போல்டுகளை ஒரு துணிப்பையில் முடிந்து உள்ளேயே வைத்திருக்கிறேன். என் வரைபடப் பலகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அறைக்கு வருகிறவர்கள் அதன்மேல் கையை வைத்து, இது எதற்கு என்று கேட்கிறார்கள். என் வண்டிக்கு என்று சொல்லியிருக்கிறேன்.